சிவப்பைத் தின்ற தூரம்

அத்தியாயம் 7

“மாமா, பொய் சொல்றவன் மொட்டையாச் சொல்லுவான். இந்த ஓவியர் ஒட்டுத் துணியோட நிறம் வரைக்கும் சொல்லியிருக்காரு. நம்ம கட்சிக்காரர் அந்தக் காவலாளிதான் தள்ளி விட்டிருக்கணும்,” என்றான் மச்சினன், ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து.

மூக்கர் ஆக்சிலேட்டரை முறுக்கினார். மேடு ஏறிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் இரண்டு பேரையும் சுமந்து முக்கி முனகிக்கொண்டிருந்தது. அதில் முக்கால் பாரம் மச்சினன்.

மூக்கர் என்பது அவருடைய பெயரல்ல. எங்கே என்ன நடந்தாலும் மூக்கை நுழைப்பதால் ஊர் வைத்த பெயர். மச்சினன் உண்மையாகவே மச்சினன், மனைவியின் தம்பி. ‘ரெண்டு மாசத்துக்கு உங்ககூட வெச்சுக்குங்க’ என்று அவள் சிபாரிசில் வந்து ஒன்பது வருஷமாகிறது. துப்பறிவதில் கால், வாயாடுவதில் முக்கால்.

“எதைக் கேட்டாலும் பேசாம வந்தா எப்படி மாமா? என்னையும் சந்தேகப்படறீங்களா?”

“நேத்து அலமாரியில வெச்ச பிஸ்கெட் விஷயத்துல படறேன்.”

யாரையும் நம்பாதது மூக்கருக்குத் தொழில் மட்டுமல்ல, பிறவிக் குணம். தன் கைக்கடிகாரத்தையே சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் மணி சொல்வார். இந்த வழக்கில் அவருக்குச் சந்தேகப்பட ஆளுக்குப் பஞ்சமில்லை. முதல் சந்தேகம், தன்னைத் தேடி வந்த பெண்ணின் மேலேயே இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். ஆற்றங்கரையில் நூறு வருஷத்துப் பழைய நூல் மில். மூன்று மாடி, சிவப்பு ஓட்டுக் கூரை, ஓடாத இயந்திரங்கள், ஒரே ஒரு காவலாளி. முந்தாநாள் மாலை நாலு மணிக்கு மில் முதலாளி மூன்றாம் மாடிப் பெரிய ஜன்னலின் மரக் கைப்பிடியை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தார். காவலாளி அவரைத் தூக்கிக்கொண்டு பின்பக்கச் சாலைக்கு ஓடி, ஒரு லாரியை மறித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். முதலாளிக்கு உயிர் இருக்கிறது, நினைவு இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே காவலாளியைப் போலீஸ் பிடித்துக்கொண்டது. காரணம், அதற்குள் ஒரு சாட்சி முளைத்திருந்தார்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம், இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மேடு. அங்கே உட்கார்ந்து மில்லை வரைந்துகொண்டிருந்த ஓவியர், வீட்டுக்கு ஓடி வந்து போலீசுக்குப் போன் செய்திருந்தார். ‘மூணாம் மாடி ஜன்னல்ல ஒருத்தன் முதலாளியைப் பிடிச்சுத் தள்ளினதைப் பார்த்தேன். தள்ளிட்டு உடனே திரும்பிட்டான். முதுகுதான் தெரிஞ்சது. காக்கிச் சட்டை. இடது தோளுக்குப் பின்னால சிவப்பு ஒட்டு.’ இன்ஸ்பெக்டர் காவலாளியைத் திருப்பி நிறுத்திப் பார்த்தார். காக்கிச் சட்டை. இடது தோளுக்குப் பின்னால் சிவப்பு ஒட்டு. அதற்குமேல் இன்ஸ்பெக்டருக்கு வேறென்ன வேண்டும்?

அந்த ஒட்டைப் போட்டவள்தான் மூக்கரைத் தேடி வந்தவள். காவலாளியின் மகள், தையல்காரி. காலையில் ஆபீசில் உட்கார்ந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“அன்னிக்கு மதியம்தான் சார் சட்டை வாசக்கதவு ஆணியில மாட்டிக் கிழிஞ்சுது. நான் ரெண்டரைக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போனேன். பையில காக்கித் துணி இல்ல. வெட்டின ஜாக்கெட்டுல மிஞ்சின சிவப்புத் துண்டுதான் இருந்துச்சு. அங்கேயே உக்காந்து தைச்சுக் குடுத்துட்டு மூணு மணிக்குக் கிளம்பினேன். ‘வாட்ச்மேனுக்குப் பதக்கம் குத்திவிட்டியா?’னு சிரிச்சாரு. நான் வெச்ச ஒட்டே எங்கப்பாவைக் காட்டிக் குடுத்திருச்சு சார். நேத்து சாயங்காலம்தான் கைதுன்னு எழுதினாங்களாம். இன்னிக்கு அஞ்சு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அப்புறம் ஜெயில்தானாம். அவருக்கு ராத்திரி மூச்சு முட்டும். ஜன்னல் இல்லாத இடத்துல தூங்கவே மாட்டாரு.”

அவள் அழவில்லை. அழாமல் இருப்பதற்காகப் புடவைத் தலைப்பின் ஓரத்தை விரலால் மடித்து மடித்துத் தைப்பதுபோலச் செய்துகொண்டிருந்தாள். மூக்கருக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் சந்தேகம் சந்தேகம்தான். உடனே மில்லுக்குப் போய்ப் பார்த்தார்.

மூன்றாம் மாடியில் உடைந்த கைப்பிடி. மட்கிய மரம், கை வைத்தாலே உதிர்ந்தது. சுவரில் மூன்று இடத்தில் பளிச்சென்று மஞ்சள் பூசிப் பார்த்திருந்தார்கள். தரையில் ஒரு பெயின்ட் டப்பா கவிழ்ந்து மஞ்சள் வழிந்து காய்ந்திருந்தது. மில்லை ஹோட்டலாக மாற்றப் போகிறாராம் முதலாளி; வெளிச்சுவர் முழுக்க அந்த மஞ்சள்தானாம். அந்த மஞ்சளில் போலீஸ்காரர்கள் நடந்து, தடயம் என்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. கிளம்புமுன் மூக்கர் தையல்காரியையும் இன்ஸ்பெக்டரையும் போனில் கூப்பிட்டுத் தனியாக ஏதோ கேட்டுக்கொண்டார்; மேட்டுக்கு நடக்கும்போது போனைப் போடும் வேலை மட்டும் மச்சினனுக்கு.

இப்போது மணி மூன்று. ஐந்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.

ஓவியரின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மச்சினன் எதன்மேலோ தடுக்கினான். ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ. இடது குதிகாலில் மஞ்சள் ஒட்டிக் காய்ந்திருந்தது.

“முட்டையை மிதிச்சிட்டாரு போல,” என்றான் மச்சினன்.

“ஓவியர் ஷூவுல பெயின்ட் இருக்கறது அதிசயமா? உள்ள வா.”

ஓவியருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி, நரைத்த தாடி, நகக்கண்ணெல்லாம் நீலம். அறை முழுக்க டர்பன்டைன் நெடி. பிதுக்கித் தீர்த்த டியூப்கள், துடைத்த கந்தல்கள், பாட்டிலில் தலைகீழாக நின்ற பிரஷ்கள். நாலு சுவரிலும் படங்கள். எல்லாப் படத்திலும் அதே மில்.

“சாட்சிதான் சொல்லிட்டேனே. இன்னும் என்ன?” என்றார்.

“சும்மா ஒரு சந்தேகம் தீர்த்துக்கத்தான். இதெல்லாம் ஒரே கட்டடமா?” என்றார் மூக்கர், வாயைப் பிளந்துகொண்டு.

“பதினோரு வருஷம். முப்பத்தி எட்டுப் படம். அடுத்த மாசம் கண்காட்சி. ‘மூட்டத்தில் ஒரு மில்’னு பேரு வெச்சிருக்கேன்.”

“சொந்தப் பொண்டாட்டியைக்கூட யாரும் இத்தனை தடவை பார்த்திருக்க மாட்டாங்க,” என்றான் மச்சினன்.

ஓவியர் சிரித்துவிட்டார். மூக்கருக்கு அது போதும். முந்தாநாள் வரைந்த படத்தைக் காட்டச் சொன்னார். ஸ்டாண்டிலேயே இருந்தது. முன்னால் பச்சைப் புல், ஈரமான கரும்பாறை. பிறகு மரங்கள், ஆறு. அதற்கும் பின்னால் மில், இருக்கிறதா இல்லையா என்பதுபோல. அதன் முதுகில் மலை, வெறும் மூச்சுக்காற்று. பார்க்கப் பார்க்கத் தானே அந்தப் புல்லில் நிற்பதுபோல இருந்தது. சந்தேகப் பிராணி மூக்கரே ஒரு நிமிஷம் வழக்கை மறந்துவிட்டார். ஆள் எப்படியோ, கை அபாரம்.

“இவ்வளவு தூரத்தை இத்தனூண்டு துணிக்குள்ள எப்படி அடைச்சீங்க?”

அந்தக் கேள்விக்காகவே பதினோரு வருஷம் காத்திருந்தவர்போல ஓவியர் எழுந்தார். பலகையில் சாம்பல் கலந்த நீலம் ஒரு குவியலாக இருந்தது. பிரஷ்ஷின் பின்பக்கத்தால் அதைத் தொட்டார்.

“இதுக்கு நான் வெச்ச பேரு காத்து. முதல்ல வானம் போடுவேன். அதுல மிஞ்சினதுதான் இது. மலையில இதுல முக்கால் பங்கு. மில்லுல பாதி. மரத்துல கொஞ்சம். பக்கத்துப் புல்லுல சொட்டுக்கூடக் கிடையாது. தூரத்துல இருந்து ஆரம்பிச்சுப் பக்கத்துல வந்து முடிக்கணும். அப்பதான் காத்து நடுவுல நிக்கும்.”

“அப்ப நிறம் எல்லாம் என்ன ஆகும்?”

“தூரம் தின்னுரும். முதல்ல மஞ்சளைத் தின்னும். அப்புறம் சிவப்பை. கடைசியில நீலம்தான் மிஞ்சும். அதனாலதான் மலை நீலமா இருக்கு. கத்துக்குட்டிங்க, ஓடு சிவப்புன்னு மனசுல நினைச்சுக்கிட்டுச் சிவப்பைத் தூக்கி அப்பிடுவாங்க. கூரை படத்தை விட்டுக் குதிச்சு முன்னால வந்து நிக்கும்.”

“நீங்க மனசுல இருக்கறதைப் போட மாட்டீங்களா?”

“கண்ணுல பட்டதைத்தான் போடுவேன். ஒரு முடி அளவுகூடக் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். அதுதான் என் தொழில் சுத்தம்.”

“மாமா, எழுதி வெச்சுக்குங்க. இந்தக் காலத்துல இப்படி யாரு பேசறா?” என்றான் மச்சினன். அவன் கிண்டலாகத்தான் சொன்னான். மூக்கர் உண்மையாகவே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

“அந்த மேட்டைப் பார்க்கலாமா? உக்காந்த இடத்தை மட்டும் காட்டிடுங்க. போயிடறோம்.”

வீட்டுக்குப் பின்னால் ஐந்து நிமிஷ நடை. போகிற வழியில் மச்சினன் போனை எடுத்து யாருக்கோ எதையோ அழுத்திவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மேட்டின் உச்சியில் மடக்கு ஸ்டூலின் மூன்று கால் பதிந்த குழிகள் இருந்தன. எதிரே பள்ளத்தாக்கு முழுக்க மூட்டம். நாலு நாளாக அப்படித்தான் இருந்தது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. தூரத்தில் மில், படத்தில் பார்த்தது அப்படியே.

“அன்னிக்கும் இதே மூட்டம்தானா?”

“இதேதான். அதனாலதான் உக்காந்தேன். காலையில பத்து மணிக்கு வந்தேன். நாலு மணிக்கு அந்தக் கொடுமையைப் பார்த்துட்டு எந்திரிச்சேன்.”

“நடுவுல?”

“அசையல. நடுவுல எந்திரிச்சா நிறம் மாறிடும்.”

“சாப்பாடு?”

“பையில ரொட்டி இருந்துச்சு.”

“ஆறு மணி நேரம். மனுஷனுக்கு ஒண்ணுக்குக்கூட வராதா?” என்றான் மச்சினன்.

“பாறைக்குப் பின்னால!” ஓவியருக்கு எரிச்சல் வந்தது. “மேட்டை விட்டு இறங்கலை. எங்கே வேணும்னாலும் சத்தியம் பண்றேன்.”

“காவலாளியை அதுக்கு முன்னால எப்பப் பார்த்தீங்க?”

“பார்த்து ஒரு மாசம் இருக்கும். அப்புறமும் பார்க்கலை. போலீஸ்தான் அவனை ஆஸ்பத்திரியிலயே பிடிச்சிருச்சே.”

மூக்கர் நோட்டை மூடினார். மூடுகிற சத்தம் மச்சினனுக்குத் தெரியும். எலி உள்ளே போய்விட்டது, கதவை விடலாம் என்று அர்த்தம். ஆனால் இந்த எலி எந்தப் பொறிக்குள் போனது என்பது அவனுக்கே புரியவில்லை.

“ஒரே ஒரு உதவி. இப்ப அந்த மூணாம் மாடி ஜன்னலைப் பார்த்து, என்ன தெரியுதுன்னு சொல்லுங்க.”

ஓவியர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார், பார்ப்பது அவர் தொழில். “ஒண்ணும் இல்ல. வெறும் ஜன்னல். சாம்பலா ஒரு புள்ளி.”

“நல்லாப் பாருங்க. கண்ணுல பட்டதை மட்டும் சொல்லுங்க.”

“அதான் சொன்னேனே. யாரும் இல்ல.”

மூக்கர் கையை நீட்டினார். மச்சினன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஸ்பீக்கரைப் போட்டான். காற்று இரைச்சலோடு ஒரு பெண் குரல் மூச்சு வாங்கியது.

“சார், கால் மணி நேரமா ஜன்னல்ல நின்னு ஆட்டிக்கிட்டே இருக்கேன். தெரியுதா? சிவப்புப் போர்வை சார், முழுப் போர்வை. கை வலிக்குது. தெரியுதா சார்?”

ஓவியர் மில்லைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி மில்லைப் பார்த்தார். சாம்பலாக ஒரு புள்ளிதான் இருந்தது.

“கையை இறக்கிக்கம்மா,” என்றார் மூக்கர் போனில். “தெரியலை. தெரியாம இருந்ததுக்குத்தான் உனக்கு நன்றி சொல்லணும்.”

மச்சினன் வாய்விட்டே சொல்லிவிட்டான். “அடப்பாவி!”

“அந்த மில்லுக் கூரை முழுக்கச் சிவப்பு ஓடு,” என்றார் மூக்கர், ஓவியரிடம். குரலை உயர்த்தவில்லை. “உங்க படத்துல அது கத்தரிப்பூவைச் சாம்பல்ல புரட்டின மாதிரி இருக்கு. அவ்வளவு பெரிய கூரையில இருந்த சிவப்பைத் தூரம் தின்னுருச்சு. நாலு விரல் அகலத்து ஒட்டை மட்டும் விட்டு வெச்சுதா?”

“அது... கண்ணு வேற, படம் வேற. படத்துக்காகக் கொஞ்சம் மங்கலாப் போட்டேன்.”

“ஒரு முடி அளவுகூடக் குறைக்க மாட்டீங்களே. எழுதி வெச்சிருக்கேன்.”

“சரி, முன்னாடியே எப்பவாவது பார்த்திருப்பேன். அந்தச் சட்டையை அவன் எப்பவும்தானே போட்டுக்கறான்?”

“சட்டை பழசு. ஒட்டு புதுசு. அன்னிக்கு மூணு மணிக்குத்தான் அவர் பொண்ணு தைச்சுக் குடுத்தா. நாலு மணிக்கு அவரு முதலாளியைத் தூக்கிட்டுப் பின்பக்கமா ஓடிட்டாரு. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல மில்லுக்குள்ள இருந்தவங்களுக்குத்தான் அந்தச் சிவப்பு தெரியும். நீங்களே சொல்லுங்க, எத்தனை அடி தூரத்துல இருந்து பார்த்தீங்க? பத்தடியா, பதினைஞ்சடியா?”

ஓவியரின் நீலம் படிந்த விரல்கள் தாடிக்குள் எதையோ தேடின.

“நான் எதுக்கு அங்கே போகணும்?” என்றார் கடைசியில். “அந்த மனுஷன்கிட்ட எனக்கு என்ன பகை?”

“அதான் எனக்கும் புரியல மாமா,” என்றான் மச்சினன். சொல்லிக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினான். அவன் முகம் ஒன்பது வருஷத்தில் இரண்டாவது முறையாக யோசித்தது. “ஐயா, நான் படிக்காதவன், ஒண்ணு கேக்கறேன். உங்க பலகையில நீலம் பார்த்தேன், பச்சை பார்த்தேன், களிமண் மாதிரி ஒரு மஞ்சள் பார்த்தேன். முட்டைக்கரு மஞ்சள் எங்கே?”

“அந்த அசிங்கமான நிறத்தை நான் வாங்கறதே இல்ல!” ஓவியர் சீறினார்.

“அப்ப ஷூவுல எப்படி வந்துச்சு?”

மூக்கர் மச்சினனைத் திரும்பிப் பார்த்தார். இவன் அக்காளிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றியது. வாசலில் அதைப் பார்த்தும் அதிசயமில்லை என்று தாண்டிப் போனவர் அவர்தான்.

ஓவியர் தன் காலைப் பார்த்தார். காலில் இப்போது செருப்புதான் இருந்தது. ஆனாலும் பார்த்தார். பிறகு ஸ்டூல் குழிகளுக்குப் பக்கத்தில் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“மஞ்சள் அடிக்கப் போறேன்னு சொன்னாரு,” என்றார். “முழுக் கட்டடத்துக்கும். பதினோரு வருஷமா நான் பார்த்துப் பார்த்து... அதுக்குன்னு ஒரு நிறம் இருந்துச்சு சார். மழையும் பாசியும் சேர்ந்து நூறு வருஷமாக் கலக்கின நிறம். வேண்டாம்னு கெஞ்சத்தான் போனேன், ஆத்தங்கரைப் பக்கமா. அவரு சிரிச்சுக்கிட்டே என் கண் முன்னாலயே பிரஷ்ஷை முக்கிச் சுவத்துல இழுத்தாரு. நான் டப்பாவைப் பிடுங்கினேன். அவரு விடலை. இழுத்துத் தள்ளிட்டேன். கைப்பிடி உடையும்னு எனக்குத் தெரியாது.”

“அப்புறம்?”

“சத்தம் கேட்டுக் காவலாளி மேல ஓடி வந்தாரு. நான் கதவுக்குப் பின்னால நின்னேன். அவரு உடைஞ்ச இடத்துல குனிஞ்சு, ‘ஐயா, ஐயா’ன்னு கத்தினாரு. முதுகுதான் தெரிஞ்சது. சிவப்பா ஒரு ஒட்டு.”

“அதைப் போலீஸ்கிட்டச் சொல்லணும்னு என்ன? காக்கிச் சட்டைன்னு நிறுத்தியிருந்தாலே அவரு மாட்டியிருப்பாரே.”

ஓவியர் வெகுநேரம் யோசிக்கவில்லை. “எந்தப் படத்துலயும் ஒரு துளி சிவப்பு வெச்சாத்தான் சார் உயிர் வரும். கை பழகிருச்சு.”

மூக்கருக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. தன் பொய்க்கு உயிர் வர இன்னொருத்தர் உயிரை எடுத்து வைத்திருக்கிறான் மனுஷன். அதுவும் முதலாளியைக் காப்பாற்ற ஓடியவருடைய உயிரை.

“இன்ஸ்பெக்டர் சார், கேட்டீங்களா?” என்றார் போனைப் பார்த்து.

“கேட்டேன்,” என்றது போன், கொஞ்சம் அசடு வழிந்தபடி. போர்வையைப் பிடித்திருந்த பெண்ணுக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில் அவரும் நின்றுகொண்டிருந்தார். “ஜீப்பை அனுப்பறேன். மேட்டை விட்டு நகர விடாதீங்க.”

“நகர மாட்டாரு சார். ஆறு மணி நேரம் அசையாம உக்காந்து பழக்கம்,” என்றான் மச்சினன். பிறகு ஓவியருக்குப் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தான். இந்த முறை குரலில் கிண்டல் குறைந்திருந்தது. “ஐயா, தூரம் எதை முதல்ல தின்னும்னு சொன்னீங்க?”

ஓவியர் நிமிர்ந்தார்.

“மஞ்சளைத்தானே? அவரு எத்தனை டப்பா வேணும்னாலும் அடிச்சிருக்கட்டுமே. நீங்க இங்கேதானே உக்காந்திருப்பீங்க? ரெண்டு கிலோமீட்டரும் இந்த மூட்டமும் சேர்ந்து அதைத் தின்னுட்டு, உங்க பழைய மில்லைத்தானே உங்களுக்குக் காட்டியிருக்கும்?”

ஓவியர் மில்லைப் பார்த்தார். பிறகு முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். ஜீப் வந்து நிற்கும்வரை அந்தக் கைகள் இறங்கவில்லை.

ஐந்து மணிக்கு மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்கு ஜீப் போனது. உள்ளே இருந்த ஆள்தான் மாறியிருந்தார்.

காவலாளி ஸ்டேஷன் வாசலில் நின்று, வெளிக்காற்றை வாய் நிறைய இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் முதலாளி கண் திறந்தாரா என்றுதான் முதலில் கேட்டார். இன்னும் இல்லை என்றார்கள். மகள் பின்னால் வந்து நின்றாள். அவள் பையில் இப்போது புதுக் காக்கித் துண்டு இருந்தது. அப்பாவின் இடது தோளைப் பிடித்து, சிவப்பு ஒட்டின் ஓரத்து நூலைப் பல்லால் கடிக்கப் போனாள்.

“பிரிக்காதம்மா!” மூக்கர் கத்தியே விட்டார்.

“இந்தச் சனியனைப் பார்க்கவே பிடிக்கலை சார். இதனாலதானே எல்லாம்?”

“இதனாலதான் உங்கப்பா வெளிய நிக்கறாரு. காக்கித் துணி உன் பையில இருந்திருந்தா, அந்த ஆளு பொய்யில ஓட்டையே இருந்திருக்காது. கோர்ட்டுல முதல் சாட்சி இந்த ஒட்டுதான்.”

அவள் நூலை விட்டாள். அந்தச் சிவப்பின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேதான் வந்தது. காவலாளி திரும்பவும் முடியாமல், மகளைப் பார்க்கவும் முடியாமல், சட்டை நனைகிற வரைக்கும் அசையாமல் நின்றார்.